குலுங்காத குதிரை

தையல் மிஷினைத் தொடுவதற்கு முன்னால் மிஷினக்கா கண்ணை மூடிக்கொள்வாள். "ஓட்டுங்க" என்பாள். அந்த வீட்டுக்காரி பெடலை மிதிப்பாள். பத்து எண்ணுவதற்குள் "பாபின் பெட்டி லூசா இருக்கு" என்றோ, "பெல்ட் இழுத்துடுச்சு" என்றோ, "மிஷின்ல ஒண்ணுமில்ல, நீங்கதான் கோபமா மிதிக்கிறீங்க" என்றோ தீர்ப்பு வந்துவிடும். மூன்றாவது தீர்ப்பும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வயது ஐம்பத்தொன்று. கடைத்தெருவில் புருஷனுடைய முடிவெட்டும் கடைக்குப் பின்னறைதான் அவளுடைய பட்டறை. நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் கத்தரிக்கோல், இந்தப் பக்கம் ஸ்க்ரூ டிரைவர். இருபத்தாறு வருடமாக இருவரும் திரை வழியாகப் பேசியே குடும்பம் நடத்திவந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் எல்லாம் கேட்கும் என்பதால் அவர்களிடம் ஊருக்குத் தெரியாத ரகசியம் என்று ஒன்றும் கிடையாது.

முதலில் அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தாள். ரிப்பேர்காரர் வராத ஒருநாள், தலையிலிருந்த கொண்டை ஊசியை எடுத்துத் தன் மிஷினைத் தானே சரிசெய்துகொண்டாள். மேற்பார்வையாளர் கண்டபடி திட்டினார். மறுநாள் அவரே தயங்கித் தயங்கி வந்து, "அந்த ஊசி இன்னிக்கும் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டார். அதோடு அவள் காலரை விட்டு ரிப்பேரைப் பிடித்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் அவளுக்கு அதிக வேலை இல்லை. வேலை மேட்டில் இருந்தது. ஊருக்குப் பின்னால் ஏறும் சரிவில் நாற்பத்துமூன்று வீடுகள், ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டதுபோலத் தள்ளித் தள்ளி நின்றன. வீட்டுக்கொரு மிஷின். கம்பெனிக்குக் காலர் தைத்து அனுப்புகிறவர்கள். மிஷின் நின்றால் வீட்டில் வேலை நின்றது. மிஷினைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. வண்டி ஏறப் பாதை இல்லை. ஆகவே மிஷினக்கா வாரம் மூன்று நாள் கட்டையன் என்கிற மட்டக்குதிரையின்மேல் உட்கார்ந்து, கருவிப்பெட்டியை முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

கட்டையன் நல்ல ஜீவன். ஆனால் அவன் ஓட்டம் உரலில் போட்டு இடிப்பதுபோல. பதினான்கு வருட இடியில் அவள் இடுப்பெலும்புகளுக்கு நடுவே இருந்த மெத்தை தேய்ந்துபோயிருந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"உக்காரலாம், நிக்கலாம், கொஞ்சம் நடக்கலாம். எடை தூக்கக்கூடாது, குலுங்கக்கூடாது."

"அப்ப மேட்டுக்கு?"

"மேட்டை மறந்துடுங்கம்மா. இன்னும் ஆறு மாசம் அந்தக் குதிரை மேல போனீங்கன்னா படுக்கையிலதான்."

மூன்று வாரம் அவள் பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். மேட்டிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். யாருடைய மிஷின் எப்படி நிற்கிறது என்று அவர்கள் வாயால் சத்தம் எழுப்பிக் காட்டினார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டு வைத்தியம் சொன்னாள். வாயால் வரும் சத்தத்தில் பாபினும் ஷட்டிலும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வைத்தியம் பலிக்கவில்லை. மீதி வாழ்க்கை முழுவதும் இப்படி ஒரு திரைக்குப் பின்னால், பிறர் முடி விழும் சத்தத்தைக் கேட்டபடியே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம் வந்தது.

ஒருநாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, முகம் முழுக்க நுரையோடு வனக்காவலர் குரல் கொடுத்தார். "அக்கா, நடைக்குதிரை ஒண்ணு வாங்கிடுங்களேன்."

"எல்லாக் குதிரையும் நடக்கத்தானே செய்யுது?"

"மெதுவாப் போறப்ப எல்லாம் நாலு கால்லயும் தனித்தனியாத்தான் நடக்கும். வேகம் எடுத்தா சாதாரணக் குதிரை ரெண்டு ரெண்டு காலாத் தூக்கிப் போடும். அதான் குலுக்குது. நடைக்குதிரை வேகமாப் போறப்பவும் ஒவ்வொரு காலாத்தான் வைக்கும். நாலு அடி. மேல உக்காந்து டீ குடிக்கலாம்."

"பேசாம இருங்க, உதட்டுல கத்தி பட்டுடும்" என்றார் கடைக்காரரான அவள் புருஷன். ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் மிஷினக்கா எழுந்து நின்றுவிட்டாள். நாலு அடி. காதால் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம்.

அன்று மாலையே கடைக்காரர் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டினார்: குலுங்காத குதிரை தேவை. உள்ளே விசாரிக்கவும். முடிவெட்ட வந்தவர்கள் தலையைத் திருப்பாமல் படிக்க வசதியான உயரம்.

முதலில் வந்தவர் தீவனக்கடைத் தரகர். வெள்ளைக் குதிரை, பின்னிவிட்ட பிடரி மயிர். தரகரே ஏறி உட்கார்ந்து, ஒரு கையில் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய தம்ளரைப் பிடித்தபடி தெருவில் ஒரு ஓட்டம் விட்டுத் திரும்பினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. தெரு கைதட்டியது.

மிஷினக்கா கைதட்டவில்லை. கண்ணை மூடியிருந்தாள். "ரெண்டடி" என்றாள்.

"என்னம்மா சொல்றீங்க, தண்ணி சிந்தலையே?"

"உங்க கை பழகியிருக்கு. குதிரை பழகல." அவள் எண்ணெய் கேனின் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, கேனைச் சேணத்தின் முன்பக்கம் கட்டினாள். "கேனுக்குக் கை இல்ல. இப்ப ஓட்டுங்க."

திரும்பி வரும்போது தரகருடைய சட்டையும் குதிரையின் கழுத்தும் ஒரே நிறத்தில் பளபளத்தன. தரகர் கோபப்படக்கூட மறந்து இறங்கினார். கடைக்காரர் உள்ளே கூட்டிப்போய், காசு வாங்காமல் தலைக்குக் குளிக்க வைத்து அனுப்பினார்.

இந்த வெற்றி மிஷினக்காவைக் கொஞ்சம் கெடுத்தது. ஊரே அவள் காதைப் பற்றிப் பேசியது. பேசியது அவள் காதிலும் விழுந்தது.

இரண்டாவதாக முட்டைக்காரம்மா சொல்லி அனுப்பினாள். ஊர்க்கோடியில் கோழிப்பண்ணை வைத்திருந்தவள். குதிரைமேல் கூடை வைத்து இருபது வருடமாக வீட்டுக்கு வீடு முட்டை கொடுத்தவள். இப்போது கோழிகளை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போகிறாள்.

"மூணாவது மாடி. எனக்கே மூச்சு வாங்குது, இவன் எங்க ஏறுவான்?" என்று குதிரையின் கழுத்தைத் தட்டினாள். தவிட்டு நிறம், பெயரும் தவிடு. காது பெரிது, வயிறு பெரிது, வால் மட்டும் யாரோ பாதியில் மறந்துவிட்டதுபோலக் குட்டை.

"ஓட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டு மிஷினக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினாள்.

டக டக டக டக. நாலு அடி! அவள் முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது. ஒவ்வொரு நாலாவது அடியோடும் மெல்லிய ஒரு 'டிங்' ஒட்டிக்கொண்டு வந்தது.

"இடது பின்னங்கால். இழுக்குது. நொண்டி."

"யாரு, என் தவிடா?"

"காது பொய் சொல்லாதுக்கா."

"முதல்ல திரும்பிப் பாரும்மா!"

பார்க்க என்ன இருக்கிறது என்று மிஷினக்கா நடையைக் கட்டினாள். முட்டைக்காரம்மா பின்னாலிருந்து லாடத்தைப் பற்றியோ வியாழக்கிழமையைப் பற்றியோ என்னவோ கத்தினாள். அதற்குள் வாசல் கதவு சாத்தியாகிவிட்டது.

மூன்றாவது இடம் செங்கல் சூளை. அன்று கடைக்கு விடுமுறை என்பதால் கடைக்காரரும் கூட வந்தார். சூளையைச் சுற்றி ஆள் உயரத்துக்குமேல் சுவர். வாசலை அடைவதற்கு முன்பே மிஷினக்கா நின்று, புருஷன் வாயைக் கையால் பொத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் குளம்புச் சத்தம். வேகமான நாலு அடி. ஒன்றுக்கொன்று நூல் பிடித்ததுபோல ஒரே இடைவெளி. புது மிஷினில் முதல்நாள் எண்ணெய் போட்டதும் வருமே, அந்தச் சத்தம். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இதுதாங்க."

"எதும்மா? இன்னும் கதவே தொறக்கலையே."

அவள் கதவைத் தட்டினாள். சூளைக்காரர் திறந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இப்ப சுவரோரமா ஓடிச்சே, அதை நான் எடுத்துக்கறேன். வாக்குக் குடுத்துட்டேன். வேற யாருக்கும் காட்டாதீங்க."

"எதைம்மா?"

"இப்ப ஓடிச்சே, அது."

"ஓடினது ரெண்டாச்சே."

அவர் விலகி நின்றார். முற்றத்தில் அம்மாவும் மகளுமாக இரண்டு கறுப்புக் குதிரைகள் தோளோடு தோள் உரசி நின்று அவளைப் பார்த்தன. பிறந்ததிலிருந்து ஒரே வண்டியில் பூட்டிப் பழகியவை. வண்டி இல்லாதபோதும் சேர்ந்தே ஓடும். அம்மாவின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் சரியாக நடுவில் மகள் கால் வைப்பாள். ரெண்டும் ரெண்டும் நாலு.

மிஷினக்காவால் நம்ப முடியவில்லை. அம்மாவின்மேல் தனியாக ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பதினைந்து அடி போவதற்குள் இடுப்பில் யாரோ ஆணி இறக்கினார்கள். கடைக்காரர் ஓடிவந்து தாங்கி இறக்கினார்.

விஷயம் புரிந்ததும் சூளைக்காரர் மனைவி செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "ரெண்டு மேலயும் ஒரே நேரத்துல உக்காந்துடுங்கம்மா! இந்தக் கால் அம்மாவுக்கு, அந்தக் கால் மகளுக்கு!"

"நீ சும்மா இரு" என்றார் சூளைக்காரர், தானும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு. வாக்கை அவர் பெரிய மனதோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் கடைக்காரர் ரொம்ப நேரம் மரங்களையே பார்த்துக்கொண்டு நடந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்கணும்னா சிரிச்சுடுங்க. எனக்குத்தான் குலுங்கக்கூடாது, உங்களுக்கு என்ன?"

அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து ஆசைதீரச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, மிஷின் சத்தத்தைக் கேட்டதும் நீ என்ன பண்ணுவ?"

"எங்க கோளாறுன்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"கவுத்துப் பாப்பேன்."

"முட்டைக்காரம்மா குதிரையைக் கவுத்துப் பாத்தியா?"

அவள் ஊர்க்கோடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கண்ணாடிக்கு எதிர்ல நின்னு தொழில் பண்றவன். எனக்குக் காது கேக்கறது பாதி. ஆனா 'டிங்'னு சத்தம் வந்தா அது எலும்புல வருமா, இரும்புல வருமா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன்."

ஒரு ஸ்க்ரூ தளர்ந்ததற்காக அவள் எந்த மிஷினையும் கழித்துக் கட்டியதில்லை. அவ்வளவு மெல்லிய சத்தம் எதிலிருந்து வரும் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். வீட்டுக்குப் போகாமல் அப்படியே ஊர்க்கோடிக்குத் திரும்பினாள்.

முட்டைக்காரம்மா தவிட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "நொண்டிக் குதிரைகிட்ட உங்களுக்கு என்னம்மா வேலை?"

"தப்புப் பண்ணிட்டேன்க்கா."

"காது பொய் சொல்லாதுன்னு சொன்னியே?"

"காது பொய் சொல்லல. வாய்தான் அவசரப்பட்டுடுச்சு."

முட்டைக்காரம்மாவின் கை ஒரு கணம் நின்றது. அந்த இடைவெளியில் மிஷினக்கா குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தவிட்டின் இடது பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள். லாடத்தில் புத்தம் புது ஆணிகள் மின்னின.

"லாடம் தளர்ந்திருக்கு, அடிக்கிறவர் வியாழக்கிழமை வர்றார்னு தொண்டை கிழியக் கத்தினேன். நீ மகாராணி மாதிரிப் போயிட்ட."

"அக்கா, எனக்கு இந்தக் குதிரை வேணும். மேட்டுல பாதி மிஷின் நிக்குது. நானும் நின்னு போயிட்டேன்."

முட்டைக்காரம்மா தேய்ப்பதை விட்டுவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மத்தவங்க குதிரையைச் சோதிச்சு வாங்குவாங்க. நான் ஆளைச் சோதிச்சுத்தான் குடுப்பேன். நாளைக்கு வேற ஒருத்தர் வர்றார். அதுக்குள்ள ஒண்ணு பண்ணு. கூடை ரெண்டுலயும் கடைசி முட்டை அறுபது இருக்கு. கடைத்தெருவைச் சுத்திட்டு வா. முட்டையும் ஒடையக்கூடாது, நீயும் ஒடையக்கூடாது. கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டுப் போ."

தவிடு கிளம்பியது. முதல் நாலு அடியிலேயே மிஷினக்காவுக்குத் தெரிந்துவிட்டது. சேணம் அசையவில்லை, பூமிதான் கீழே நகர்ந்தது. இடுப்பு தன் பாட்டுக்கு இருந்தது. சத்தம் சுத்தமாக, டக டக டக டக என்று வந்தது. மூடப் பார்த்த கண்ணை அவள் வலிந்து திறந்துகொண்டாள்.

நீலக் கதவு போட்ட வீட்டுக்கு முன்னால் தவிடு நின்றது. குதிகாலால் தட்டினாள். நகரவில்லை. கடிவாளத்தை ஆட்டினாள், கெஞ்சினாள், வைதாள். நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது.

கதவு திறந்தது. "முட்டைக்காரம்மா எங்கே?" என்றாள் உள்ளிருந்து வந்தவள். "சரி, ஆறு குடுங்க."

மிஷினக்கா விழித்தாள். ஆறு முட்டையை எடுத்துக் கொடுத்தாள். கூடை மூடிய சத்தம் கேட்டதும் தவிடு புறப்பட்டது.

அடுத்து வாத்தியார் வீடு. அதற்கடுத்து விடுதியின் பின்வாசல். சமையல்காரர் பேசாமல் இரண்டு டஜன் எடுத்துக்கொண்டார். தபால் அலுவலகத்துக்காரர், "ஏங்க, ரிப்பேர் வேலையை விட்டுட்டு முட்டையில எறங்கிட்டீங்களா?" என்று துக்கம் விசாரித்தார். ஒரு வாசலையும் தவிடு விடவில்லை. அவளுக்கே தெரியாத சந்துகளில் எல்லாம் திரும்பியது. கடைசியாக முடிவெட்டும் கடைக்கு முன்னால் வந்து நின்றது.

கடைக்காரர் வெளியே வந்தார். விடுமுறை நாளிலும் வனக்காவலருக்கு அவசரமாக மீசை திருத்திக்கொண்டிருந்தார். "வழக்கம்போல நாலு" என்று கையை நீட்டியவர், மேலே இருப்பது யார் என்று பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார்.

"வழக்கம்போலயா? வாரா வாரம் நாலு முட்டை எங்க போவுது? வீட்டுக்கு ஒரு ஓடுகூட வந்ததில்லையே?"

"தலைக்கும்மா. வெள்ளைக்கரு போட்டா முடி மினுங்கும்" என்றார் அவர்.

"மஞ்சக்கரு?" என்றாள் அவள்.

உள்ளேயிருந்து வனக்காவலர் சிரித்தார். "அதை ரெண்டு பேருமாப் பொரிச்சுச் சாப்பிட்டுடுவோம்க்கா!" இருபத்தாறு வருடத்தில் திரை மறைத்த ஒரே ரகசியம் அப்படி வெளியே வந்தது.

ஊர்க்கோடிக்கு அவள் திரும்பியபோது முட்டைக்காரம்மா வாசலிலேயே காத்திருந்தாள். கூடைகளைத் திறந்து பார்த்தாள். இரண்டிலும் வைக்கோல்தான் இருந்தது.

"முட்டை எங்க?"

"வித்துடுச்சு."

"உன்ன யாரு விக்கச் சொன்னது?"

"நான் விக்கலக்கா. இவன் வித்தான். நான் எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான்."

"ஒடைஞ்சது எத்தனை?"

"யாரும் திருப்பிக் குடுக்கல."

முட்டைக்காரம்மா கண்டிப்பான முகத்தை வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டாள். முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கொஞ்சம் அழுகையும். தவிட்டின் பெரிய காதில் என்னவோ சொன்னாள். பிறகு, "இடுப்பு?" என்றாள்.

அப்போதுதான் மிஷினக்காவுக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவு வந்தது. இரண்டு மணி நேரம் போய்விட்டிருந்தது. அவள் ஏற்கெனவே கீழே இறங்கி, எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

புதன்கிழமை அவள் மேட்டுக்கு ஏறினாள். பென்ஷன் வாங்கிவிட்ட பெரியவரைப்போலக் கட்டையன் கொட்டகையிலிருந்து வேடிக்கை பார்த்தான். முதல் வீட்டில் ஷட்டில் மாற்றினாள். இரண்டாவது வீட்டில் வேலை இல்லை, தாண்டிப் போகலாம் என்று நினைத்தாள். தவிடு நினைக்கவில்லை. வாசலில் நின்றது.

வீட்டுக்காரி கையில் காலரோடு வெளியே வந்தாள். "வாங்கக்கா! இப்பத்தான் பாக்க முடிஞ்சுது. ஆனா எங்க மிஷின் நல்லாத்தானே ஓடுது?"

"நான் நிக்கல, இவன் நின்னான். சரி, வந்தது வந்தேன். ஓட்டுங்க, கேக்கலாம்."

மிஷினக்கா கண்ணை மூடிக் கேட்டாள். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அப்படியே சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டு கண்ணைத் திறந்தாள். மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

அடியில், பெல்ட் தேய்ந்துபோய், அறுந்துவிடாமல் ஒரு நூல் கனத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று அவளால் பதினெட்டு வீட்டுக்குத்தான் போக முடிந்தது. தவிடு ஒரு வாசலையும் விடவில்லை.